பத்தொன்பதாம் தெரு

உளுந்து பார்க்க வந்தவர் என் கணவர்.
பள்ளி விடுமுறையென்று
மூட்டையோடு ஒட்டிய சாக்குநூல்போல
நானும் பிள்ளைகள் இரண்டும்.

மூன்று நாளாகக் கிடங்கு கிடங்காக
உள்ளங்கையில் அள்ளி, ஊதி,
ஒரு மணியைக் கடைவாயில் உடைத்து
ஈரம் எவ்வளவென்று சொல்லிக்கொண்டிருந்தவர்
இன்று சாயங்காலம்
சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு
"வாங்க, ஊரைப் பார்ப்போம்" என்றார்.
விருதுநகரில் பதினாறு வருஷமாக
இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்று
நான் சொல்லவில்லை.
சீப்பைத் தேடினேன்.

யாங்கோனில் அந்தத் தெருவுக்கு எண்தான் பெயர்.
இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் புகை,
நடுவில் லாட்டரி வண்டி ஒன்று
ஒலிபெருக்கியில் அதிர்ஷ்டத்தைக் கூவிக்கொண்டு
ஒரு அங்குலம்கூட நகர முடியாமல் நிற்கிறது.
கன்னத்தில் சந்தன நிறத் தனகா பூசிய பெண்கள்
கைலி கட்டிய ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து
சமமாகச் சிரிக்கிறார்கள், சமமாகக் குடிக்கிறார்கள்.
ஸ்டூல் எவ்வளவு குட்டையென்றால்
உட்கார்ந்ததும் என் முந்தானை
நடைபாதையைக் கூட்டத் தொடங்கிவிட்டது.

குச்சியில் செருகிய காடை முட்டை, காளான், கணவாய்.
வெண்டைக்காய்கூட இருந்தது,
பள்ளிக்கூட வரிசைபோல நிமிர்ந்து.
"நம்ம வீட்டில் இது வழுவழுன்னு இருக்குமே,
இங்கே மட்டும் எப்படி?"
பரிதிக்கு ஏழு வயது. பதில் வேண்டும்.
நிறைமதிக்குப் பதின்மூன்று.
அவளுக்கு நாங்கள் யாரோ.

அப்போதுதான் கேட்டது.
இச்.
பின்னால் இன்னொன்று.
இச் இச்.
கை தானாக முந்தானையை இழுத்தது.
எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அந்தச் சத்தத்துக்கு
செருப்பைக் கழற்றியிருப்பேன், கழற்றியும் இருக்கிறேன்.

தரகர் கோ சோ வின் தடுத்தார்.
(கிடங்கில் கோ சோ வின்,
தேவாலயத்தில் சூசைமாணிக்கம்.)
"கோபப்படாதீங்க தங்கச்சி.
இங்கே சர்வரைக் கூப்பிடறது இப்படித்தான்."

பார்த்தால் உண்மை.
வெள்ளைத் தலைப் பெரியவர் ஒருவர்
வானத்துக்கு ஒரு முத்தம் அனுப்புகிறார்,
சோயாக் கிண்ணம் வருகிறது.
நான்கு மாணவிகள் சேர்ந்து அனுப்புகிறார்கள்,
ஒரு பையன் நான்கு கிளாஸோடு ஓடி வருகிறான்.
தெரு முழுக்க முத்தம் பறக்கிறது,
யாருக்கும் அது முத்தமில்லை.

பரிதி உடனே பழகிவிட்டான்.
எங்கள் மேசைக்கு ஏழு தடவை சர்வர் வந்தார்,
ஏழு தடவையும் எங்களுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.
நிறைமதி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள்.
இவர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்,
ஏலத்தில் விலை கேட்பவர்போல.
யாரும் வரவில்லை.
"நீங்களும் கூப்பிடுங்க அப்பா!"
"சும்மா இருடா" என்றவர்
காது மடல்வரை உளுந்தின் எதிர்நிறமாகிப்
பீர் நுரைக்குள் பார்வையைப் புதைத்தார்.

கரண்ட் போனது.

இந்த ஊரில் அது செய்தியல்ல.
பேச்சு நிற்கவில்லை, சிரிப்பு நிற்கவில்லை,
அடுப்புக் கரி மட்டும் சிவப்பாகக் கண் விழித்திருந்தது.
இருட்டில் முத்தங்கள் அதிகமாயின,
எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல்
சர்வர்கள் மேசையில் மோதிக்கொண்டார்கள்.

என் இடது காதுக்கு மிக அருகில்
ஒன்று.
மெதுவாக. பழக்கமில்லாத வாயிலிருந்து.
உதடு குவிவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொண்ட
ஒன்று.

ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக இரும ஆரம்பித்தன.
வெளிச்சம் வந்தபோது
இவர் வெண்டைக்காய்க் குச்சியைக் கூர்ந்து
ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்பா கூப்பிட்டுட்டாரு! நான் கேட்டேன்!"
பரிதி எழுந்து நின்று கை தட்டினான்.

சர்வர் யாரும் வரவில்லை.
நான்தான் திரும்பியிருந்தேன்.

பில்லைப் பார்த்து இவர் பேரம் பேசவில்லை.
அதைக் கவனித்தவள் நிறைமதி,
விடுதிவரை எதுவும் சொல்லாமல் வந்தாள்,
எங்களுக்கு நான்கு அடி முன்னால்,
ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல்.